நெறிகட்டு

செண்பகம் மதினி இன்னொரு ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கியதும் வடிவாம்பாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மதினியின் கட்டைவிரல் நகம் பழத்தின் உச்சியில் குத்தி இறங்கியது. மஞ்சள் ஏறிய நகம், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, அது காலையில் அரிந்த வாழைக்காயின் கறையா இல்லை அதற்கும் முந்தையதா, யார் கண்டது. தோல் கிழியும்போது சாறு பொடித் தூறலாகத் தெறித்து வடிவின் முழங்கையில் விழுந்தது. துடைத்தால் மதினி பார்ப்பாள், பார்த்தால் என்னட்டி மேலுக்கு முடியலையா என்பாள், அப்புறம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், அந்தப் பிசுபிசுத்த கையால். துடைக்காமலே இருந்தாள். மதினி ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருந்த வெள்ளை நாரைப் பேன் பார்ப்பதுபோல இழுத்து எடுத்து, மடியில் விரித்த கைக்குட்டையில் சேர்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு ஈரக் குவியல் கிடந்தது. செத்துப்போன தம்பியின் பெண்டாட்டிக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து விடிவதற்கு முன்னே கூடவே கிளம்பி மதுரைக்கு வந்து நார் உரித்துக்கொண்டிருக்கிறாள், அவளைப் பார்த்து அருவருக்கிற மனசு என்ன மனசு என்று வடிவு தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அருவருப்பு குறையவில்லை. "ஒரு சொளை வாயில போடு. வெறும் வயித்தோட டாக்டர்ட்ட போய் நின்னா கண்ணை இருட்டிக்கிட்டு வரும்" என்று மதினி தானே ஊட்டிவிட்டாள். விரல் உதட்டில் பட்டது. சுளை ஆஸ்பத்திரிக் குளிரில் விறைத்திருந்தது. கடித்தபோது உள்ளே ஒரு விதை. துப்புவதற்கு இடமில்லை. கைக்குட்டையைத்தான் மதினி நீட்டுவாள், அந்த நார்க் குவியலில் போய் எப்படித் துப்புவது. நாக்கால் விதையை உருட்டிக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு வடிவு எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

எதிர்ச் சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல். அதில் ஒருத்தி பொரித்த மீனைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டை நினைத்தாலே வாயில் எச்சில் ஊறி அதை விழுங்க முடியாமல் தவிக்கிற ஜனங்கள் உட்காரும் இடத்தில் மீன் பொரித்துக் காட்டுகிறவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும். பினாயில் நெடி, அதற்கு மேல் யாரோ பிரித்த எலுமிச்சம்பழச் சாதம், அதற்கும் மேல் ஆரஞ்சு. இந்தப் பக்கத்து நாற்காலியில் சங்கரி, வடிவின் ஒரே பிள்ளை, ஓசூரில் வண்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்து ரொம்ப நேரம் ஆகியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கையில் அந்த மோதிரம். மதினி வீட்டு மோதிரம். கொஞ்சம் பெரிது, கழன்று விழாமல் இருக்க உள்பக்கம் நூல் சுற்றியிருந்தார்கள், நூல் இதற்குள் அழுக்கேறிவிட்டது. வடிவு சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டால் தெரிந்துவிடும். நெஞ்சுக்குள் கட்டியிருப்பது அதுதானா என்று. அதுதான் என்றால், போய்ச் சேர வேண்டியதுதான், பிள்ளைக்கு ஆவணியில் கல்யாணம், எல்லாம் கணக்காக முடிந்துவிடும். அது இல்லை என்றால்? இந்த 'இல்லை என்றால்' வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடும். ஒரு மாதமாக இப்படித்தான், அதற்கு மேல் போவதேயில்லை, முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

முதலில் என்றால் வலது மார்பு. அதை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், நாக்கில் எட்டணாக் காசைச் சப்பின ருசி தங்கியது, முடி கொட்டியது, திரும்ப முளைத்தது, முளைத்தது சுருட்டையாக முளைத்தது, ஊரில் நாலு பேர் நல்லாருக்குக்கா என்றார்கள், முடிந்துவிட்டது என்றுதான் இருந்தாள். ஆனியில் வழக்கமான சோதனைக்கு வந்தபோது பெரிய ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். சர்க்கரையில் என்னவோ கலந்து ஊசி போட்டுத் தனி அறையில் உட்கார வைத்தார்கள், யாரும் கிட்டே வரக்கூடாது, நீ குழந்தை குட்டி கிட்ட போகக்கூடாது. புற்று சர்க்கரைக்கு அலையுமாம், தின்கிற இடம் படத்தில் மினுங்குமாம். தன் உடம்புக்குள் இருந்துகொண்டு தன்னிடம் கேட்காமல் தின்னுகிற ஒன்று. விருந்தாளியா, பெருச்சாளியா. படத்தில் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக மினுங்கியது, தன் நெஞ்சுதான், பார்க்கப் பார்க்க உள்ளே கை விட்டு வழித்து எறிய வேண்டும்போல இருந்தது. ஊரில் காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், அதுமாதிரி நெஞ்சுக்குள்ளே நெறி கட்டியிருக்கு என்று வடிவு தனக்குத்தானே தமிழ்ப்படுத்திக்கொண்டாள். ஸ்கேன் பார்த்தவர் சொன்னது இதுதான்: பரவியிருக்கிற மாதிரித் தெரியுது, ஊசி வச்சு எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். இதில் முதல் பாதி அன்றைக்கே அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாம் பாதி மதுரையிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் ஊர்க்காரர்கள் வந்தார்கள் பார்க்க. சத்துமாவு டின்னோடும் ஆப்பிளோடும் வந்து, உட்கார்ந்து, முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாராப்பைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த பிறகுதான் முகத்துக்கு வந்தார்கள். சாகப்போகிறவளைப் பார்க்கிற முகம் ஒன்று இருக்கிறது, உதட்டை உள்ளே இழுத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை அகல வைத்துக்கொள்வது, தெருவில் அத்தனை பேரும் அதை எங்கே படித்தார்களோ. அவர்கள் போனபின் டம்ளரில் காப்பி மிச்சம் ஆடை படிந்து கிடக்கும். இவள் வீட்டுக் காப்பியை முழுக்கக் குடிக்க அவர்களுக்கும் குமட்டியிருக்கும், அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். மதினி மட்டும் முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியும் இல்லை. நீயும் போயிட்டா இந்தப் பிள்ளைக்கு யாருட்டி? ஒரு சாவு விழுந்துட்டா வருசம் திரும்புற வரைக்கும் நல்ல காரியம் பேச முடியாது. உன் கண்ணு முன்னாலயே முடிச்சிருவோம். சிவகுரு அவளைத் தங்கமா வச்சிக்கிடுவான்" என்றாள். ஊசி வைக்க நாள் குறித்திருந்தார்கள். மதினி அதையும் தள்ளிப்போடச் சொன்னாள். ஊசி குத்தினால் கிளறிவிட்டு உடம்பெல்லாம் பரவிவிடும், முதலில் நிச்சயம், அப்புறம் ஊசி. வடிவு படித்தவள், பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் கணக்குப் போட்டுக் கொடுத்தவள், அவளும் தலையாட்டினாள். செண்பகம் மதினியின் மகனை அவள் எத்தனை வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவள்! அத்தை மகன், முறை இருக்கிறது, நிலம் இருக்கிறது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் வண்டிச் சாவியால் காது குடைவான். குடைந்து எடுத்துப் பார்ப்பான், பார்த்துவிட்டுச் சோபா உறையில் துடைப்பான். நிச்சயத்தன்று, தட்டு மாற்றின கையோடு, அதே சோபாவில் உட்கார்ந்து காதுக்குள் சாவியை விட்டுத் திருகிக்கொண்டே சங்கரியிடம், "வேலையெல்லாம் இனி எதுக்கு. நம்ம வீட்ல பொம்பளையாளு சம்பளத்துலயா சோறு திங்கோம்" என்றான். சங்கரி அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். வடிவு சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குறும்பிக்காக ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று அப்போது நினைத்தாள், அருவருப்பு ஒரு காரணமா, அது என்னுடைய வியாதி இல்லையா. இப்போது நினைத்தால் குமட்டியது அந்தக் குறும்பியினால் இல்லை. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, இன்னும் செத்துப்போகாதவள், அவளை நினைத்து.

"வடிவாம்பாள்" என்று கூப்பிட்டார்கள். மூன்று பேரும் எழுந்தார்கள். உள்ளே டாக்டர் ரெஹானா, சின்ன வயசு, மூக்கில் கண்ணாடித் தழும்பு. பத்து நாளைக்கு முன் இவர்தான் வாய் வழியாகக் குழாயை இறக்கி நெஞ்சுக்குள் ஊசி வைத்து எடுத்தது. தொண்டையை மரக்கவைக்க எதையோ பீய்ச்சினார்கள், வாழைப்பழ வாசனையில் ஒரு கசப்பு, அதற்குப் பிறகு எச்சிலை விழுங்குவது மறந்துபோனது, கடைவாயில் வழிந்து காதுக்குள் போனது, ஒரு பெண் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம், சாக்கடை அடைப்பு எடுக்கிற சத்தம். இப்போது டாக்டரின் முன்னால் உட்கார்ந்தபோதும் அதே சத்தம் காதில் கேட்டது. டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஊசில எடுத்ததுல கேன்சர் இல்லைம்மா." சங்கரியின் கை எங்கிருந்தோ வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்தது. "அப்ப மினுங்குனது?" என்று கேட்டது மதினி. "அது கிரானுலோமா. உடம்போட காவல்காரங்க ஏதோ ஒண்ணைச் சுத்தி வட்டமாக் கூடி நின்னு சின்னச் சின்ன உருண்டை கட்டிட்டாங்க. அவங்களும் சர்க்கரை தின்பாங்க, அதனால அவங்களும் மினுங்குவாங்க. ஸ்கேனுக்கு வித்தியாசம் தெரியாது. புற்று இருந்தவங்க சிலருக்கு இப்படி வரும், சார்காய்டுன்னு ஒரு நோய் உண்டு, பாக்க அது மாதிரியே இருக்கும், ஆனா அந்த நோய் இல்லை. டி.பி.லயும் இப்படி வரும், அதனால அதையும் பாத்துட்டோம். கிருமி இல்லை."

வடிவு பேசவேண்டும் என்று வாயைத் திறந்தாள், விதை பல்லில் தட்டியது. இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் குழறலாக, "அப்ப இது நல்லதா டாக்டர்?" என்றாள். இதைக் கேட்பதற்கு இருந்த பயம் ஸ்கேன் அறையில்கூட இல்லை. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சில ஆராய்ச்சில இந்த மாதிரி இருந்தவங்க மத்தவங்களைவிட நல்லா இருந்திருக்காங்க. உடம்பு எதிர்த்து நிக்குது, அதோட அடையாளம்னு சொல்றாங்க. சிலதுல ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்துலயே புற்று ஒளிஞ்சிருந்து ஊசிக்குத் தப்பினதும் உண்டு. நான் நல்லதுன்னு சொல்லி அனுப்பினா அது பொய். கெட்டதுன்னாலும் பொய். இப்ப மருந்து எதுவும் வேண்டாம். கொஞ்ச மாசம் கழிச்சுத் திரும்ப ஸ்கேன் பாப்போம்." "வருசக்கணக்கா இருப்பாங்களா?" என்றாள் சங்கரி. டாக்டர் கையை விரித்தார். விரித்த கை சுத்தமாக இருந்தது, நகம் ஒட்ட வெட்டி, அதைப் பார்த்து வடிவுக்கு ஏனோ அழுகை வந்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்த ஒரு மாதத்தில் இவர்தான்.

வெளியே வந்து மறுபடி அதே நாற்காலிகள். பில் போட்டுக் கொண்டுவரும் வரை இருக்கச் சொன்னார்கள். வடிவு உட்கார்ந்தாள், சங்கரி உட்கார்ந்தாள். மதினி உட்காரும்போது நடுவில் ஒரு நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். முதலில் வடிவுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பா குமட்டலா என்று சொல்ல முடியாத ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. டி.பி.! அத்தனை வார்த்தையில் மதினியின் காதில் ஏறியது அந்த ஒரு வார்த்தைதான். சாகப்போகிறவள் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவள், வாயில் சுளை ஊட்டினவள், வாந்தி எடுத்த ஏனத்தைக் கழுவி வைத்தவள், இவள் ஒருவேளை சாகமாட்டாள் என்றதும் ஒரு நாற்காலி தள்ளிப் போய்விட்டாள். "கிருமி இல்லைன்னுட்டாங்க அத்தை" என்றாள் சங்கரி. "இருக்கட்டும்ளா. எங்க ஒண்ணுவிட்ட பெரியப்பாவுக்கும் இல்லைன்னுதான் சொன்னாங்க. நெஞ்சில நெறி கட்டுனா அது டி.பி.தான். அம்மைக்குத் தனி டம்ளர் வச்சிக்கிடு. சிவகுருட்ட இதைச் சொல்லவேண்டாம், அவனுக்கு இந்தச் சீக்குன்னாலே ஆகாது, கல்யாணமே வேண்டாம்னு நின்னாலும் நிப்பான்" என்று முந்தானைக்குள்ளிருந்து மதினி சொன்னாள்.

இதோ வழி என்று வடிவின் மனசு துள்ளியது. துள்ளினது அவளுக்கே கேட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம். ரெண்டு தரம் இருமினால் போதும். ஊர்ப் பயலுகள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள், சிவகுரு தன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான், மோதிரம் திரும்பப் போய்விடும், யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். இருமல் தொண்டைவரை வந்தும்விட்டது. வந்த இடத்தில் அது குழாய் உரசி இன்னும் ஆறாத புண்ணில் இடித்து நின்றது, அந்த வலியில் ஒன்று தெளிந்தது. ஒரு மாதத்துக்கு முன் சாவைக் காட்டி இந்தப் பிள்ளையின் வாயில் சரி என்ற சொல்லை வரவழைத்தோம், இப்போது இல்லாத சீக்கைக் காட்டி அதைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறோம். இதற்குப் பெயர் அம்மாவா. அப்புறம் அம்பாசமுத்திரம் முழுக்க, அடுத்துப் பெண் கேட்டு வருகிறவன் வீடு முழுக்க, அந்தப் பொண்ணோட அம்மைக்கு டி.பி.யாம்லா. படத்தில் மினுங்கினதைவிட இதுதான் அசிங்கம். புற்று உனக்குத் தெரியாமல் உன் உடம்பு செய்வது, அதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. காவல்காரர்கள் கூடினதும் உன்னைக் கேட்டு இல்லை. இதை மட்டும்தான் நீ செய்கிறாய், முழு நினைவோடு, ஆரஞ்சு நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு. அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு மதினியின் நகத்தின் மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது, அதற்கு முன்னால் அந்த நகம் ஒன்றுமே இல்லை, பாவம், உழைத்த நகம். வடிவு இருமலை விழுங்கினாள். வலித்தது.

"மதினி" என்றாள். "எனக்கு டி.பி. இல்லை. இருக்குன்னு யாரு சொன்னாலும் பொய். அதை வச்சிக் கல்யாணம் நிக்க வேண்டாம். நான் நிறுத்துதேன்."

மதினியின் முந்தானை மூக்கிலிருந்து இறங்கியது. "என்னட்டி சொல்லுத?"

"சங்கரிக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நான் செத்துருவேன்னு பயந்து சரின்னேன். அவளையும் பயமுறுத்திச் சரின்னு சொல்ல வச்சேன். உங்க மேல தப்பு இல்லை. நீங்க கேட்டீங்க, நாந்தான் குடுத்தேன்."

"அப்ப உனக்குப் பொழைப்பு வந்துட்டுன்னு எங்களை உதறுத. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு, சொந்தக்காரன் பூராத்துக்கும் சொல்லியாச்சு. டாக்டர் உனக்கு ஆயுசு எழுதியா குடுத்தா? அடுத்த தடவை மினுங்குனா என்ன செய்வ? அப்ப என் வாசலுக்குத்தானே வருவ?"

"எழுதிக் குடுக்கலை. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. இருந்தாலும் இருப்பேன், போனாலும் போவேன். எழுதிக் குடுக்காமலேதான் சொல்லுதேன்."

மதினி முந்தானையை இடுப்பில் செருகினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அவமானம் இருந்தது, அதற்கடியில் தம்பியை நினைத்த நிஜமான வருத்தமும் இருந்தது, மூன்றையும் வடிவு பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மதினி கைக்குட்டையின் நாலு மூலையையும் சேர்த்து முடிந்து, நாரும் தோலும் உள்ளே நசுங்க, கைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். "நான் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிக்கிடுதேன். என் தம்பி இருந்திருந்தா நீ இப்பிடிப் பேசுவியா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். கதவு தானாகத் திறந்து, அவளை வெளியே விட்டு, தானாக மூடிக்கொண்டது. வெளியே ஆடிக்காற்று அவள் சேலையைப் பிடித்து இழுப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

சங்கரி மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள், நூல் விரலில் சிக்கி வரமாட்டேன் என்றது. "நீ செத்துப்போயிருவியோன்னுதாம்மா நான் சரின்னேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்" என்றாள் வடிவு. "நாளைக்கே செத்தாலும் வேண்டாம்."

சொன்னபோது விதை நாக்கில் உருண்டு முன்பல்லுக்கு வந்துவிட்டது, கடைசி வார்த்தை குழறிப்போய் விழுந்தது. சங்கரி நிமிர்ந்தாள். "வாய்ல என்னம்மா வச்சிருக்க?" வடிவு தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று. "அப்ப இருந்தே ஏதோ வச்சிருக்க. துப்பு." மகள் உள்ளங்கையை விரித்து அம்மாவின் உதட்டுக்குக் கீழே கொண்டுவந்து நீட்டினாள். எச்சில், மருந்து நாற்றம், தொண்டைப் புண்ணின் வாடை, எல்லாம் அதோடு வருமே என்று வடிவு தயங்கினாள். கை அங்கேயே இருந்தது. துப்பினாள். ஈரமாக, வெளிறி, ஒரு அற்ப விதை. சங்கரி முகம் சுளிக்காமல் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையை மூடிக்கொண்டாள்.